விலாங்குக்காரரைக் கேட்டு வந்தவர்கள்

மார்ச் 9, 1999. செவ்வாய்

மருந்து கொடுத்த நேரத்தை எழுதி வைக்கச் சொல்லித் தாதி இந்த டயரியைத் தந்துவிட்டுப் போனாள். காலையில் ஒரு குளிசை, மத்தியானம் ஒன்று, படுக்கும்போது இரண்டு. எழுதியாயிற்று. மிச்சம் இவ்வளவு வெள்ளைத் தாள் கிடக்கிறது. வீணாக்குவானேன்?

பெரிய டொக்டர் இன்று சொல்லிவிட்டார். என் மனுசனுக்கு ஈரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புவரை போய்விட்டதாம். குளிர்காலத்தைக் காண்பது கஷ்டமாம். இந்த நாட்டில் குளிர்காலம் ஆனியில் வருகிறது. அவர் டொக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஏப்ரல் மழைக்கு ஆற்றங்கரைக்குப் போகலாமா?" என்பதுதான். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

என் கணவர் அருளம்பலம் அரசாங்க நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற வேலையிலிருந்து இளைப்பாறியவர். யாழ்ப்பாணத்திலிருந்து வெலிங்டனுக்கு வந்த நாள் முதல் வாரநாள் கந்தோருக்கு, சனி ஞாயிறு இந்த நாட்டு ஆதிக்குடிகளான மாவோரிகளுக்கு. வைமோக்கோ என்ற ஆற்று முகத்துவாரத்தில் அவர்கள் விலாங்கு பிடிக்கிற விதத்தை ஆராய்ச்சி செய்தார். அவரை ஒருவரும் செய்யச் சொல்லவில்லை. கூடு எப்படிப் பின்னுவது, எந்தப் பிறைக்கு எந்தக் கரையில் வைப்பது, முதலில் அகப்பட்ட விலாங்கை ஏன் திரும்ப ஆற்றில் விடுவது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்.

மார்ச் 12, வெள்ளி

பின்னேரம் எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், தோள்பையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். வெள்ளிக்கிழமை பை அடுக்கி வைத்துச் சனி விடியப் போவது வழக்கம். இரண்டு சேர்ட்டை மடித்து வைத்ததும் மூச்சு வாங்கியது. அப்படியே இருந்துவிட்டார். நான் பையை வாங்கி மேலே வைத்தேன். சேர்ட்டுகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினேன். அவற்றில் இன்னும் புகைமணம் இருக்கிறது. விலாங்கைப் புகையில் வாட்டுகிற மணம். நான் பிறவிச் சைவம். இத்தனை வருசமும் அவருடைய உடுப்பைத் தனிவாளியில் ஊறப்போட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு தோய்த்தவள்.

ஏழு மணிக்கு ரெலிபோன். ஹூரியாதான். வைமோக்கோ ஊர்ப் பெரியவர் ராவிரியின் தங்கை. அவளுக்கும் என் வயதிருக்கும், ஆனால் குரல் குமரியின் குரல். "அருள் எப்படி இருக்கிறார், தையல்?" என்றாள். தையல்நாயகி என்று முழுப்பெயரைச் சொல்ல ஒருவருக்கும் இந்த நாட்டில் நேரமில்லை. படுத்திருக்கிறார் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தார். நித்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும். ரெலிபோனைக் கொடுக்கவில்லை.

மார்ச் 13, சனி

நாள் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்தப் பக்கம்தான் வைமோக்கோ ரோட்டு.

மார்ச் 21, ஞாயிறு

அவருடைய பெட்டிகளைத் தூசு தட்டினேன். கூடுகளின் படங்கள், ஆற்றின் படங்கள், கட்டுக்கட்டாக எழுதியவை. எல்லாம் சேர்த்துப் புத்தகமாக்கி ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். வருசம் கழித்துத் திரும்பி வந்தது. "துறைப் பயிற்சி இல்லாத ஓர் ஆர்வலரின் முயற்சி, பாராட்டத்தக்கது." பாராட்டத்தக்கதாம். அன்று இரவு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நானும் வாயைவிட்டேன்: "இதுக்குத்தானே இவ்வளவு காலமும் வீடு வாசல் பாக்காமத் திரிஞ்சியள்?"

எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? இங்கே நூதனசாலையில் தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணி ஒன்று இருக்கிறது. எப்போதோ மாவோரிகளிடம் கிடைத்தது. தமிழ்ச் சங்கத் தலைவர் டொக்டர் பரமலிங்கத்துக்கு அந்த மணி போதும். மாவோரிகளும் தமிழர்களே என்று பொங்கல் விழாவில் பேச வேண்டும், இவரைவிட்டால் ஆளில்லை என்று வந்து கெஞ்சினார். இவர் மேடையேறிச் சொன்னது இதுதான்: "மணி எந்தக் கப்பலிலும் வரும். அவையளுக்கு அவையின்ர முன்னோர் இருக்கினம். நாங்கள் போய்ப் பெரியப்பா முறை கொண்டாட வேண்டாம்." கைதட்டல் இல்லை. பாயசம் வரும்போது எங்கள் மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த பொங்கலுக்கு அழைப்பும் வரவில்லை.

வெள்ளைக்காரருக்கு அவர் போதவில்லை, தமிழருக்கு அவர் உதவவில்லை. எனக்கு? எனக்கு ஒன்றுமில்லை, நான் உடுப்புத் தோய்த்தவள்.

ஏப்ரல் 3, சனி

இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தார். அரிசிக்கஞ்சி அரைக்கோப்பை குடித்தார். குடித்துவிட்டுக் கதை சொன்னார், நான் கேட்காமலே.

வைமோக்கோவில் ஒருவர் செத்தால் உடம்பு மூன்று நாள் மண்டபத்தில் இருக்கும். ஒரு நிமிடமும் தனியே விடமாட்டார்கள். தாய் வழி, தகப்பன் வழி, பெண் எடுத்த வழி என்று ஒவ்வொரு ஊராரும் வந்து, இவர் எங்களுடையவர், எங்கள் மண்ணில்தான் புதைக்க வேண்டும், தா என்று கேட்பார்கள். மற்றவர்கள் தரமாட்டோம் என்பார்கள். உரத்துச் சண்டை நடக்கும். செத்தவரையே முகத்துக்கு நேரே ஏசுவதும் உண்டு. கடைசியில் யாரோ ஒருவர் விட்டுக்கொடுப்பார். தோற்றவர்களும் கூட இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"எங்கட ஊரில எண்டால் செத்த வீட்டில சண்டை மானக்கேடு" என்றேன்.

"அங்க அதுதானப்பா மரியாதை. சண்டை பிடிக்க ஒருத்தரும் வராத பிணம் அநாதைப் பிணம். ஒருக்கா ஒரு கிழவனுக்கு ஒருத்தரும் வரேல்லை. ராவிரி அழுதவன்."

பிறகு சிரிப்பு மாதிரி ஒரு முகத்தோடு கேட்டார்:

"எனக்கு ஆர் சண்டை பிடிப்பினம், தையல்?"

"ஆரும் கேட்டு வந்தால் முதல் சொல்லிலயே தூக்கிக் குடுத்திடுவன். நான் ஒருத்தரோடயும் சண்டை பிடிக்க மாட்டன்."

கோப்பையைக் கழுவப் போய்விட்டேன். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். விசர்க் கேள்விக்கு விசர் மறுமொழி, அவ்வளவுதான்.

ஏப்ரல் 14, புதன். வருசப்பிறப்பு

விடியமுதல் மழை. மழைச் சத்தத்துக்கு அவர் கண் விழித்தார். "இண்டைக்கு இறங்கும்" என்றார். வயதான விலாங்குகள் இலையுதிர்கால மழையில் ஆற்றைவிட்டுக் கடலுக்குப் போகுமாம். போனால் திரும்பி வராதாம். இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். இன்றைக்கு எரிச்சலாக வந்தது. நல்ல நாளும் அதுவுமாகத் திரும்பி வராத கதை எதற்கு?

பொங்கி இறக்கி அவருடைய நெற்றியில் திருநீறு பூசும்போது வாசலில் கார் சத்தம். ஹூரியாவும் ராவிரியும். ராவிரி பொல்லூன்றி நடக்கிறவர். விலாங்கு இறங்குகிற நாளில் அவர்கள் ஆற்றைவிட்டு வந்தது இதுதான் முதல்தரம் என்று அவர்கள் போனபிறகு என் மனுசன் சொன்னார். ஹூரியா எனக்கென்று ஒரு பை வத்தாளங்கிழங்கு கொண்டுவந்திருந்தாள். "நீ மீன் சாப்பிட மாட்டாய் என்று அருள் சொல்லியிருக்கிறார்." அவித்துப் பார்த்தேன். நல்ல இனிப்பு. இதை எழுதத் தேவையில்லை.

ராவிரி கட்டிலடியில் இருந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றும்போது கதவு திறந்துதான் கிடந்தது. ராவிரி ஆங்கிலத்தில் கேட்டார்:

"அருள், நாங்கள் உன்னைக் கேட்டு வரலாமா?"

அடுப்பை அணைத்தேன். அடுப்பு இரைச்சலில் கேட்காமல் போகும் என்பதற்காக இல்லை, தண்ணீர் கொதித்துவிட்டது.

"வேண்டாம்" என்றார். "எங்கள் ஆட்களுக்கு அது அவமானம். நாங்கள் உடம்பை வைத்திருப்பதும் இல்லை, உடனே எரித்துவிடுவோம். மனைவி சொல்வதுதான் முடிவு. தையலைத் தொந்தரவு செய்யாதீர்கள். பாவம், அவளுக்குச் சண்டை பிடிக்கவே தெரியாது."

ராவிரி "சரி, உன் வழக்கப்படியே" என்றார்.

நல்லதாகப் போயிற்று. எனக்கும் கரைச்சல் இல்லை. தேத்தண்ணீர் கொண்டுபோனேன். சீனி போட மறந்துபோனேன் என்று ஹூரியா குடித்து முடித்தபிறகுதான் தெரிந்தது.

எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாதாம்.

ஏப்ரல் 27, செவ்வாய்

குளிசை விழுங்க முடியவில்லை. இனி ஊசிதான். மகன் குகன் மெல்பேர்னிலிருந்து சனிக்கிழமை வருகிறான்.

மே 6, வியாழன்

காலை மருந்து கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

மே 9, ஞாயிறு

நேற்று எல்லாம் முடிந்தது. என்னால் முடிந்த மாதிரி எழுதுகிறேன்.

ஈமச்சாலை மண்டபத்தை இரண்டு மணித்தியாலத்துக்குத் தந்திருந்தார்கள். இடப்பக்கம் எங்கள் ஆட்கள், வலப்பக்கம் வைமோக்கோவிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தவர்கள். கறுப்பு உடுப்பு, பெண்களின் தலையில் பச்சை இலைவளையம். குருக்கள் தேவாரம் பாடினார். வாய்க்கரிசி போடும்போது எங்கள் பெடியள் எந்தக் கையால் போடுவது என்று முழித்தார்கள். மாவோரிகள் வரிசையாக வந்து ஒருவர்கூடப் பிழைவிடாமல் போட்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்தது. அவர்கள் வழக்கத்தில் பெண்கள் வாசலிலேயே ஓலமிட்டுத்தான் உள்ளே வருவார்களாம். நேற்று ஒரு சத்தம் இல்லை. எங்கள் மரியாதைக்காகத் தொண்டையை அடக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பெண்களும் ஒப்பாரி வைக்கவில்லை, வெள்ளைக்காரர் பார்ப்பார்கள் என்று. இப்படியாக அந்த மண்டபத்தில் எல்லாரும் நல்ல பழக்கமாக இருந்தார்கள். அவர் நடுவில் கிடந்தார்.

ஹூரியாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பாளா என்று. அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

பிறகு பரமலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார். வந்தவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில். "மாவோரி மக்களும் நம் தமிழ் இனமே என்று தன் வாழ்நாள் ஆராய்ச்சியால் உலகுக்கு நிறுவிய அறிஞர் அருளம்பலம்…" எங்கள் பக்கம் தலைகள் ஆடின. ராவிரி கண்ணை மூடிக்கொண்டார். மறுத்து ஒரு வார்த்தை இல்லை. செத்த வீட்டில் தமிழரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

நான் எழும்பினேன். எழும்ப வேண்டும் என்று நினைக்கவில்லை.

"டொக்டர், நிப்பாட்டுங்கோ. இவர் அப்பிடி ஒரு நாளும் சொல்லேல்லை. சொல்லாததாலதான் நீங்கள் இவரைக் கூப்பிடுறதை விட்டனீங்கள். உயிரோட இருக்கேக்க ஒரு கதிரை குடுக்காத நீங்கள், வாயை மூடினாப்பிறகு அந்த வாய்க்குள்ள உங்கட கதையைத் திணிக்கிறியளோ?"

குகன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். "அம்மா, இருங்கோ. மானம் போகுது." போகட்டும். நான் வலப்பக்கம் திரும்பினேன். ஆங்கிலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"நீங்கள் ஏன் கேட்கவில்லை? எத்தனை வருசம் உங்கள் ஆற்றில் கிடந்தார்! ஒரு ஒப்புக்காவது தா என்று கேட்கக்கூடாதா? இவர் என்ன அநாதையா?"

ஹூரியா எழும்பினாள். "அருள்தான் வேண்டாம் என்றார், தையல். உன்னை…"

"அவர் ஆயிரம் சொல்லுவார்! அவர் காதால் கேட்க ஆசைப்பட்டது என்னவென்று உனக்குத் தெரியாதா? எனக்கே தெரியும்!"

ஈமச்சாலை மனேஜர் கதவால் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார். ராவிரி பொல்லை ஊன்றி எழுந்து, பெட்டியருகே வந்தார். முதலில் தங்கள் மொழியில் அவரோடு பேசினார். பிறகு எல்லாருக்குமாக ஆங்கிலத்தில்.

"அருள், உன் மனைவி சண்டைக்குக் கூப்பிடுகிறாள். நீ எங்களிடம் பொய் சொன்னாய், அவளுக்குத் தெரியாது என்று. சரி. இப்போது கேட்கிறேன். தையல், இவனை எங்களுக்குத் தா. என் அப்பா செத்தபோது மூன்று நாள் தலைமாட்டில் இருந்தவன் இவன். ஊரில் பாதிப்பேரால் வெள்ளத்தில் வர முடியவில்லை, இவன் இருந்தான். எங்கள் பிள்ளைகளுக்கு மறந்துபோன கூட்டைத் திரும்பப் பின்னக் காட்டியவன். எங்கள் மண்ணில் அவனுக்கு இடம் இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கத்தில். தா."

இதற்குமேல் யாராவது எங்கள் பக்கத்தில் எழும்ப வேண்டும். அவர்கள் முறைப்படி பெண்சாதி பேசக்கூடாது, அவளுக்காக அவளுடைய ஆட்கள் பேசுவார்கள். திரும்பிப் பார்த்தேன். ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். குகன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"தரமாட்டேன்" என்றேன் ராவிரியிடம். "உங்கள் அப்பா செத்த அந்தக் கிழமைதான் என் அம்மா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். தந்தி வந்தது. குகனுக்குக் காய்ச்சல். ரேடியோவைப் பெரிதாகப் போட்டுவிட்டு அழுதேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று. செத்தவரைத் தனியே விடக்கூடாதென்று இவர் உங்களோடு இருந்தார். உயிரோடு இருந்த நான் தனியே இருந்தேன்."

பிறகு அவரிடம். தமிழில்தான்.

"கேட்டதோ? வந்து, கால் கழுவி, சாப்பிட இருந்தாப்பிறகுதான் தந்தியைக் காட்டினனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்? 'ஐயோ, தெரியாமப் போச்சே.' அவ்வளவும்தான். எத்தினை சனிக்கிழமை, எத்தினை வாளி தண்ணி! ஒரு நாள், ஒரேயொரு நாள், என்னையும் கூட்டிக்கொண்டு போறன் எண்டு கேட்டனீங்களோ? நான் வரமாட்டன் எண்டு நீங்களே முடிவெடுத்தியள். கேட்டிருந்தால் வந்திருப்பன். அந்த நாத்தத்துக்குள்ளயும் வந்திருப்பன். இனி விடமாட்டன். நீங்கள் எனக்குத்தான்."

மொழி விளங்காதவர்கள்தான் அழுதார்கள். விளங்கினவர்கள் தொண்டையைச் செருமினார்கள்.

ராவிரி தலையைக் குனிந்து நின்றார். பிறகு, "இவ்வளவு கோபம் உள்ளவளிடமிருந்து ஒருவனைக் கேட்டு வாங்க எங்களால் முடியாது. தோற்றுவிட்டோம்" என்றார். அப்போதுதான் ஹூரியா வாய் திறந்தாள். அடக்கி வைத்திருந்த ஓலம். அவளோடு எல்லாப் பெண்களும். கண்ணாடிகள் அதிர்ந்தன. அந்தச் சத்தத்துக்குள் நான் என் சத்தத்தையும் விட்டேன். ரேடியோ தேவைப்படவில்லை.

குகன் எரியூட்டுகிற பொத்தானை அமத்தினான். நான் வென்றேன், வென்ற கையோடு எரித்தோம்.

மே 19, புதன்

குகன் மெல்பேர்னுக்குப் போய்விட்டான். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தான், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. தமிழ்ச் சங்கத்திலிருந்து ஒருவரும் எடுக்கவில்லை. செத்த வீட்டில் பேயாடினவள் என்று பெயர் எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு கிழமையாக ரெலிபோன் மூச்சுக்காட்டவில்லை. காலையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

ஜூன் 5, சனி. அந்தியேட்டி

முப்பத்தோராம் நாள். முறைப்படி இன்று சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். ஊரில் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக யுத்தத்தால் இப்போது வழியில்லை, இங்கேயே கரைத்தால் போதும் என்றார் குருக்கள். குகன் விடியவே ரெலிபோன் எடுத்து, "அம்மா, பீச்சுக்குப் போயிட்டியளோ?" என்றான். மழை என்றேன். மழை இல்லை.

படையலுக்குச் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வத்தாளங்கிழங்கு. சாம்பல் கலசத்தைச் சாமியறையில் வைக்க மனம் வரவில்லை. அவருடைய ஜன்னலில் வைத்தேன். வைத்துவிட்டு, ரோட்டுப் பக்கம் தெரியாதபடி திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

மத்தியானம் ரெலிபோன். ஹூரியா.

"தையல், நீ வென்றாய், சரி. ஆனால் நீ இன்னும் அவரைக் கடலில் விடவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் அப்படியே இருக்கிறது. அருளைத் தா."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். தா."

"தரமாட்டேன்."

"நல்லது" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அடுத்த மாதம் திரும்பக் கேட்பேன்."

"கேள். அப்போதும் தரமாட்டேன். அதற்கடுத்த மாதமும் கேள்."

ரெலிபோனை வைத்துவிட்டு ஜன்னலடிக்குப் போனேன். "கேட்டதோ? சண்டை நடக்குது" என்றேன். முகத்தில் ஒரு சந்தோசமும் காட்ட அவருக்கு முகம் இல்லை. இருந்த காலத்திலும் என்னிடம் காட்டினவர் இல்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. மனுசன் எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறார்.